நானூற்று இருபத்தொன்பது கோடிச் சொச்சம்

தாம்பூலத் தட்டில் நான் கை வைத்தது ஒரு கொட்டைப்பாக்குக்காகத்தான். சத்தியம் செய்துகூடச் சொல்வேன். ஆனால் அன்று நடந்ததற்குப் பிறகு, நான் சத்தியம் செய்தால் நம்புகிற ஆள் அருப்புக்கோட்டைத் தாலுகாவிலேயே கிடையாது.

அறுபத்தெட்டாம் வருஷம், வைகாசி மாதம். என் தங்கை கங்கம்மாளுக்கு நிச்சயம். பாலவனத்தத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் காலை பஸ்ஸில் வந்து இறங்கி, எங்கள் வீட்டுக் கூடத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்து, தட்டையும் நடுவில் வைத்தாயிற்று. எங்கள் வகையறாவில் வைத்த தட்டை உடனே மாற்றிக்கொள்வதில்லை. சாயங்காலம் சௌடேஸ்வரி அம்மன் கோயில் மணி அடித்து, பெண் வீட்டில் விளக்கு வைத்த பிறகுதான் மாற்றுவோம். அதுவரை இரண்டு வீட்டாரும் பேச வேண்டியதைப் பேசிக்கொள்ளலாம். ஆனால் தட்டில் கை வைத்து ஒருவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அது அம்மன் முன்னால் சொன்ன வார்த்தை. விளக்கு வைப்பதற்குள் அது பொய் என்று யாராவது காட்டிவிட்டால் தட்டு வந்த வழியே போய்விடும். போன தட்டு மறுபடி அந்த வாசலுக்கு வராது.

அதனால் தட்டைச் சுற்றி உட்காருகிறவர்கள், பக்கத்தில் நல்ல பாம்பு படுத்திருப்பது போலக் கையை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார்கள். பாக்கு வேண்டுமென்றால் தனியாக ஒரு கிண்ணத்தில் சீவல் இருக்கும். எனக்குச் சீவல் பிடிக்காது.

நான் அப்போது மதுரையில் பி.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு, பரீட்சையில் தோற்றவர்களை மறுபடி எழுத வைக்கிற ஒரு டுடோரியலில் வாத்தியாராக இருந்தேன். என்னிடம் படித்தும் சிலர் தேறினார்கள். அப்பா இல்லாத வீட்டில் நான்தான் பெரியவன் என்று சொல்லிக்கொள்வார்கள். சொல்லும்போது யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள்.

மாப்பிள்ளை சௌடையாவுக்கும் அப்பா இல்லை. அந்தப் பக்கத்துக்குப் பேச வந்தவர் தாய்மாமன் சென்னகேசவன். அவருக்கும் கல்யாண வயதில் ஒரு பெண் உண்டு. முறைப்படி சௌடையா அவளைத்தான் கட்டியிருக்க வேண்டும். ஆனால் சௌடையாவின் அம்மா லிங்கம்மாள், அதாவது சென்னகேசவனின் அக்கா, எங்கள் வீட்டில்தான் பெண் எடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். ஆகவே மனுஷர் சம்பந்தம் பேச வந்தவர் மாதிரி இல்லை, ஜப்தி செய்ய வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

“ஏன் வாத்தியாரே, நீங்க படிச்ச கணக்கு சோறு போடுமா?” என்று ஆரம்பித்ததும் அவர்தான்.

வீட்டுக்குள் எங்கள் பாஷை வேறு. வம்பு என்று வந்தால் மட்டும் எல்லோரும் தமிழுக்கு வந்துவிடுவோம். அப்போதுதான் தெருவுக்கும் புரியும்.

“சோறு போடாது மாமா. ஆனா வாயைப் பொளக்க வைக்கும்” என்றேன். சட்டைப்பையில் எப்போதும் கிடக்கிற சாக்கட்டியை எடுத்து சிமெண்டுத் தரையில் மூன்று என்று எழுதினேன். “இதுல ஒண்ணைக் கழிங்க, ரெண்டு. ரெண்டை ரெண்டால பெருக்கி ஒண்ணைக் கூட்டுங்க, அஞ்சு. அஞ்சுக்கும் அதே வேலை. ஒண்ணைக் கழிச்சா நாலு, நாநாலு பதினாறு, ஒண்ணைக் கூட்டினா பதினேழு. பதினேழுல இருந்து இருநூத்தி அம்பத்தேழு. அதுல இருந்து அறுபத்தஞ்சாயிரத்து ஐநூத்தி முப்பத்தேழு. இந்த அஞ்சுல எதையும், ஒண்ணாம் நம்பரத் தவிர வேற எந்த நம்பராலயும் மிச்சமில்லாம வகுக்க முடியாது. ஒடையாத நம்பருக.”

“அதுக்கடுத்தது?”

அதையும் பெருக்கி எழுதினேன். 429,49,67,297. நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது லட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. படித்துக் காட்டியபோது கூடத்தில் ஒரு மரியாதையான முனகல் எழுந்தது. அந்த முனகல்தான் என்னைக் கெடுத்தது. நம் பெருமை நமக்கே தித்திக்கும்போது வாய்க்கு ஏதாவது வேண்டியிருக்கிறது. என் கை தட்டை நோக்கிப் போயிற்று.

“இதுவும் ஒடையாது” என்றேன்.

“ஒரு நம்பராலயுமா?”

“ஒரு நம்பராலயும்.”

“நிச்சயமா?”

“நிச்சயமா மாமா!”

சென்னகேசவன் மெதுவாக என் கையைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கொட்டைப்பாக்கு விரல்களுக்கு நடுவில் இருந்தது. உள்ளங்கை வெற்றிலை மேல் படிந்திருந்தது.

“அடப் பாவி” என்றாள் அம்மா.

உண்மையைச் சொன்னால், அந்த எண் உடையாது என்று நான் எங்கும் படித்ததில்லை. அண்ணன்மார் ஐந்து பேரும் யோக்கியர்கள், அதனால் ஆறாவது தம்பியும் யோக்கியன்தான் என்று நினைத்தேன். அது கணக்கு இல்லை. பெண் கொடுக்கிறவர்கள் விசாரிக்கிற முறை. பிற்பாடு தெரிந்தது, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மகாமேதையும் இதே எண்ணை இதே மாதிரி நம்பி ஏமாந்திருக்கிறார். அவர் எந்தத் தட்டிலும் கை வைக்கவில்லை. பிழைத்துக்கொண்டார்.

“அப்ப வகுத்துப் பாத்துருவோம்” என்று சென்னகேசவன் சம்மணத்தை மாற்றிப் போட்டார். “கோயில் மணி அடிக்கிறதுக்குள்ள எதாச்சும் ஒரு நம்பரால இது மிச்சமில்லாம போயிருச்சுன்னா நாங்க தட்டை எடுத்துக்கிடுறோம். போகலேன்னா ஒங்க வார்த்தை நின்னுச்சு, தட்டை மாத்திக்கிடுவோம். மொறை அதானே?”

முறை அதுதான். யாரும் மறுக்கவில்லை. யார் வகுப்பது என்பதில்தான் தகராறு. அவர்கள் போட்டால் நாங்கள் நம்ப மாட்டோம். நாங்கள் போட்டால் அவர்கள் சிரிப்பார்கள். கடைசியில் எல்லோரும் வாசல் பக்கம் திரும்பினார்கள். அங்கே விருந்துக்கு வந்த முகம்மது சுல்தான், தலையில் தொப்பியும் முகத்தில் நல்ல பசியுமாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

சுல்தான் பாய் இரண்டு ஊர் நெசவுக்கும் நூல் போடுகிற வியாபாரி. மனக்கணக்கில் புலி. இரண்டு பக்கமும் அவரை நம்பும். விஷயத்தைச் சொன்னதும், “சாப்பாட்டுக்குப் பெறகு வச்சுக்கலாமே?” என்றார். சென்னகேசவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். “சரி, சாக்கட்டியக் குடுங்க.”

தரையில் வகுத்தல் தொடங்கியது. மூன்றில் மிச்சம் இரண்டு. ஐந்தில் மிச்சம் இரண்டு. ஏழில் ஐந்து.

“ஒம்போதுல போடலையா?” என்றார் சென்னகேசவன்.

“மூணுலயே போகல, ஒம்போதுல எப்பிடிங்க போகும்? அப்பன் நொழைய முடியாத வீட்டுக்குள்ள மகன் நொழையவா? தானே ஒடையாத நம்பரால மட்டும் போட்டாப் போதும்.”

பதினேழில் மிச்சம் இரண்டு. எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. “பாத்தீகளா மாமா, மூணு, அஞ்சு, பதினேழு, எல்லாத்துலயும் ரெண்டேதான் மிஞ்சுது. அண்ணன்மாரு யாரும் தம்பி மேல கை வைக்க மாட்டாக.”

“அண்ணன்மாரு வைக்க மாட்டாக. ஊர்ல வேற ஆளு இல்லையா?” என்றார் அவர்.

நான் எழுந்து அடுக்களைக்குப் போனேன். கங்கா பாயசத்தைக் கிண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஆறு வயது இளையவள். நான் தட்டில் கை வைத்தபோது கூடத்துக் கதவுக்குப் பின்னால் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. அது அவளுடையதுதான். அதுதான் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. கல்யாணம் நிற்கப் போகிறதென்றால் எந்தப் பெண் சிரிப்பாள்? கல்யாணம் வேண்டாம் என்கிற பெண் சிரிப்பாள்.

மாப்பிள்ளையிலும் குறை சொல்ல ஒன்று இருந்தது. சௌடையா விருதுநகரில் ஒரு மில்லில் பிட்டர். உயரம், நிறம், சம்பளம் எல்லாம் சரி. பேச்சு மட்டும் கிடையாது. பெண் பார்க்க வந்த அன்று, “காபி போதுமா?” என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். போதுமா, இன்னும் வேண்டுமா என்றுகூட எங்களுக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு கங்கா, “கோயில் தூணு மாதிரி இருக்காக” என்றாள். புகழ்ந்தாளா, பழித்தாளா? நான் அப்போதும் சிரித்துவிட்டுப் போய்விட்டேன்.

“என்ன கங்கா, தூணு வேணுமா வேண்டாமா? தூணக் கட்டிக்கிட்டா ஒரு லாபம், வீட்டுக்கு உத்தரம் மட்டும் வாங்கினாப் போதும்” என்றேன்.

“பாயசத்துல இனிப்புப் போதுமா பாரு.”

“நான் கேட்டதுக்குப் பதிலக் காணோமே.”

“ஒன் கேள்வியையே காணோமேண்ணே” என்று கரண்டியை நீட்டினாள். இனிப்புப் போதுமாக இருந்தது. அதை மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

கூடத்தில் யாரும் காலை நீட்டக்கூட இல்லை. சுல்தான் பாய் வகுக்க வகுக்கத் தரை நிறைந்துகொண்டே வந்தது. அம்மா ஈரத்துணியால் துடைத்து இடம் கொடுத்தாள்.  சௌடையா பாய்க்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய் திறக்காமல் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எது வேண்டும் என்று அவர் முகத்தில் ஒரு எழுத்தும் இல்லை. லிங்கம்மாள் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, தம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பார்வையில் எனக்கு மார்க் விழவில்லை.

“நூத்தி அம்பத்தொண்ணுல…” என்று பாய் இழுப்பார். கழுத்துகள் நீளும். “அஞ்சு மிச்சம்.” கழுத்துகள் சுருங்கும்.

சாப்பாடு பந்தி பந்தியாக நடந்தது. யாரும் ருசித்துச் சாப்பிட்டதாகத் தெரியவில்லை. பாய் மட்டும் இரண்டாவது தடவை பாயசம் வாங்கினார். கையைக் கழுவிக்கொண்டு வந்து முந்நூற்று முப்பத்தொன்றைப் போட்டார். கடைசி வரி இறங்க இறங்க அவர் புருவம் ஏறியது. சென்னகேசவன் பாதி எழுந்தேவிட்டார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மறுபடியும் அஞ்சுதான்” என்றார் பாய். “பொல்லாத நம்பருப்பா இது. வாசல் வரைக்கும் வந்துட்டு வந்துட்டுப் போகுது.”

 உட்கார முடியாமல் கொல்லைக்குப் போனேன். அங்கே வெயிலில் நின்றபோதுதான் கல்லூரி ஞாபகம் வந்தது. எங்கள் பேராசிரியர் ஒருநாள் மத்தியான வகுப்பில் இந்த வரிசை எண்களைப் பற்றித்தான் பேசினார். “இந்த ஆறாவது எண்ணை ஏதாவது ஒரு எண் உடைக்கிறது என்றால், உடைக்கிற எண்ணை அறுபத்துநாலால் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும்” என்றார். அதற்கு மேல் என்ன சொன்னார் என்று கேட்க நான் விழித்திருக்கவில்லை.

அறுபத்துநாலால் வகுத்தால் ஒன்று மிஞ்ச வேண்டும். அப்படியானால் நூறு வகுத்தல் எதற்கு? அடுப்புக்கரி ஒரு துண்டை எடுத்துத் தொட்டிச் சுவரில் எழுதினேன். அப்படிப்பட்ட எண்களில் தானே உடையாதவை, நூற்றுத் தொண்ணூற்று மூன்று, இருநூற்று ஐம்பத்தேழு, நானூற்று நாற்பத்தொன்பது, ஐநூற்று எழுபத்தேழு, அறுநூற்று நாற்பத்தொன்று. மேலே போக இன்னும் இருக்கின்றன. இருந்தாலும் தொடங்க இவை போதும்.

முதலாவதில் மிச்சம் நூற்றொன்பது. இரண்டாவது அண்ணன்மாரில் ஒருவன், மிச்சம் எதிர்பார்த்த இரண்டுதான். மூன்றாவதில் முந்நூற்று இருபத்தைந்து. நாலாவதில் இருநூற்று எண்பத்தெட்டு. என் மூச்சு சீராகிக்கொண்டு வந்தது. ஐந்தாவதை அலட்சியமாகத்தான் ஆரம்பித்தேன்.

கடைசியில் நாலாயிரத்து நானூற்று எண்பத்தேழு வந்து நின்றது. அறுநூற்று நாற்பத்தொன்றை ஏழால் பெருக்கினேன். அதுவும் நாலாயிரத்து நானூற்று எண்பத்தேழு.

மறுபடி போட்டேன். வாத்தியார்கள் எல்லோரும் செய்வது போல, விடை பிடிக்காததால் கணக்கைச் சந்தேகப்பட்டேன். கணக்கு அசையவில்லை. அறுநூற்று நாற்பத்தொன்று, பெருக்கல் அறுபத்தேழு லட்சத்து நானூற்றுப் பதினேழு. நான் அம்மன் முன்னால் சொன்னது முழுப் பொய்.

உள்ளே பாயின் குரல் கேட்டது. நானூற்றுச் சொச்சத்தில் இருந்தார். வெயில் கொல்லைச் சுவரில் பாதிக்கு இறங்கியிருந்தது. அவர் வேகத்தில் மணி அடிப்பதற்கு முன் அறுநூற்று நாற்பத்தொன்றைத் தொட்டாலும் தொடலாம், தொடாமலும் போகலாம். நான் நினைத்தால் அவரைத் தாமதப்படுத்தலாம். அல்லது இப்போதே போய்ச் சொல்லி எல்லாவற்றையும் முடித்துவிடலாம். எதைச் செய்வது என்பதற்கு அறுபத்துநாலால் வகுக்கிற குறுக்குவழி எதுவும் இல்லை. விடை ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் ஒரு செம்போடு தொட்டியடிக்கு வந்துகொண்டிருந்தாள்.

“கங்கா, இங்க பாரு” என்று சுவரைக் காட்டினேன். “மிச்சம் சைபரு. ஒன் அண்ணன் மொகமும் அதே நெலமதான். ஒனக்கு அந்தத் தூணு வேண்டாம்னா ஒரு வார்த்தை சொல்லு, நேரா உள்ள போயி நானே ஒடச்சுப் போடுறேன். கொடுத்த பணியாரத்தை மட்டும் திருப்பி வாங்க முடியாது, தின்னுட்டாக.”

அவள் சுவரைப் பார்த்தாள். எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள், வகுத்தலைப் படிக்கத் தெரியும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை கண் மெதுவாக இறங்கியது.

“வேணும்னா?” என்று கேட்டாள்.

“வேணும்னா சுல்தான் பாய்க்கு ஆறு காபி குடுத்துக் கொல்லைக்கும் கூடத்துக்குமா அலைய விட்டு, மணி அடிக்க வச்சிருவேன்.”

“நீ எதையும் கேக்கலண்ணே. ரெண்டு பக்கமும் ஒரு சோக்குச் சொல்லிட்டு நடுவுல நிக்கிற.”

“சரி, பதிலச் சொல்லு.”

“அம்மாவக் கேளு” என்றாள். பிறகு செம்பைத் தொட்டிக்குள் முக்கி, மொண்ட தண்ணீரை அப்படியே சுவரில் வீசினாள். கரி கரைந்து, ஐந்து வகுத்தலும் ஒன்றோடொன்று கலந்து கறுப்பாக வழிந்தது. “கரியப் பூசி வச்சா அம்மா வைவாக” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

வைகாசி மாதத்து அருப்புக்கோட்டையில் ஒரு செம்புத் தண்ணீரை வெறும் சுவருக்குக் கொடுக்கிறவர்கள் கிடையாது. மறைக்கத்தான் ஊற்றினாளா? அல்லது என் மேல் ஊற்ற வேண்டியதைச் சுவரில் ஊற்றினாளா? நான் பார்த்த கேள்வித்தாள்களில் இவ்வளவு மோசமாக அமைந்த கேள்வி ஒன்றும் இல்லை.

ஒரு முடிவும் எடுக்காமல் கூடத்துக்குப் போனேன். ஒரு முடிவும் எடுக்காதவன் நேரத்தைத்தான் கடத்துவான். நானும் கடத்தினேன். பாய்க்குக் காபி கொண்டுவந்தேன். விசிறியை எடுத்து, சாக்கட்டித் தூள் அவர் கண்ணில் விழுகிற மாதிரி விசிறினேன். ஐநூற்று நாற்பத்தேழில் ஒரு கழித்தல் தப்பு என்று சொல்லி மறுபடி போட வைத்தேன். அறுநூற்று ஏழிலும் அதையே சொன்னேன். இரண்டு தடவையும் பாய் பொறுமையாக மறுபடி போட்டார். இரண்டு தடவையும் விடை மாறவில்லை.

“வாத்தியாரு ஏன் வேலையக் கெடுக்காரு?” என்றார் சென்னகேசவன்.

“சரிபாக்கறது நல்லதுதானே மாமா?”

“காலைல சரிபாத்திருக்கலாம்ல?”

 யாரோ சிரித்தார்கள். சௌடையா சிரிக்கவில்லை.

அறுநூற்றுப் பத்தொன்பதிலும் நான் தப்புக் கண்டுபிடிக்க வாயெடுத்தபோது, பாய் காபி டம்ளரை வாங்குகிற சாக்கில் என் பக்கம் குனிந்தார்.

“தம்பி, காலைல இருந்து நூறு கணக்குக்கு மேல போட்டிருக்கேன். ஒண்ணுலகூடத் தப்புச் சொல்லாத ஆளு, வெயில் இறங்கையில மட்டும் தப்புத் தப்பாச் சொல்றீக. அடுத்தாப்ல எங்கேயோ பள்ளம் இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியும், அதானே?”

நான் விசிறியைப் பார்த்தேன்.

“நான் நூல் யாவாரி” என்றார் அவர், இன்னும் தணிவாக. “தராசு முன்னால உக்காந்தா நிறுக்கத்தான் தெரியும். வேணும்னா நீங்களே சொல்லிருங்க. நான் சொல்றதவிட அது மேலு.”

சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். அடுக்களைக் கதவைப் பார்த்தேன். கங்கா நிலைப்படியில் சாய்ந்து நின்றிருந்தாள். கண்ணால் கேட்டேன். அவள் பார்வையைத் தாழ்த்தவும் இல்லை, தலையை அசைக்கவும் இல்லை. என் வாய் மூடிக்கொண்டது. நாள் முழுக்கத் திறந்திருந்த வாய், திறக்க வேண்டிய ஒரே நேரத்தில் மூடிக்கொண்டது.

அறுநூற்று முப்பத்தொன்று. மிச்சம் உண்டு.

வாசல் வழியாக வந்த வெளிச்சம் தட்டைத் தாண்டி, சுவரேறி, மஞ்சளாகிவிட்டது. அம்மா குத்துவிளக்கில் எண்ணெய் ஊற்றி, கையில் தீப்பெட்டியோடு காத்திருந்தாள். எல்லோருடைய காதும் கோயில் பக்கம் இருந்தது. மணியைக் காணோம். பூசாரி மேல் எனக்கு ஜன்மத்தில் வராத கோபம் வந்தது.

“அடுத்தது அறுநூத்தி நாப்பத்தொண்ணு” என்றார் பாய். என்னைப் பார்க்காமல் எழுதினார்.

“ஆறு. ஏழு, மிச்சம் ரெண்டு. சைபரு. சைபரு. நாலு. ஒண்ணு.” சாக்கட்டி தரையில் கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது. “நாலாயிரத்து நானூத்தி எம்பத்தேழு.”

அவர் நிறுத்தினார். சௌடையாவின் உதடுகள் அசைந்தன. அவரும் ஏழால் பெருக்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள்.

“போயிருச்சு” என்றார் பாய். “மிச்சமில்லாம.”

அம்மா தீப்பெட்டியை நழுவ விட்டாள். சென்னகேசவன் சந்தோஷமாகக் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. அவர் முகத்திலும் ஒரு பயம் தெரிந்தது. இவ்வளவு நேரம் வேண்டியது கையில் வந்துவிட்டால் யாருக்கும் வருகிற பயம். ஆனாலும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“வார்த்தை ஒடஞ்சிருச்சு. எந்திரிங்க. சௌடையா, தட்டை எடு.”

சௌடையா அசையவில்லை.

“தப்பு என்னுது மாமா” என்று நான் நடுவில் போய் நின்றேன். “நாலு மணிக்கே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாயைக் காக்க வச்சேன். வையணும்னா என்னைய வைங்க. அடிக்கணும்னாலும் சரி. அந்தப் புள்ள எந்தத் தட்டுலயும் கை வைக்கல.”

“மொறைன்னா மொறைதான்” என்று சென்னகேசவன் தானே குனிந்தார்.

அவருக்கு முன்னால் ஒரு கை தட்டின் விளிம்பில் விழுந்தது. மூலையிலிருந்து லிங்கம்மாள் எப்போது எழுந்து வந்தார் என்று யாரும் பார்க்கவில்லை.

“ஏலே சென்னகேசவா, இந்த மொறைய யாரு வச்சா தெரியுமா?”

“பெரியவுக வச்சாக.”

“எதுக்கு வச்சாக? பொண்ணுக்கு வலிப்பு இருக்கிறத மறைச்சாக, மாப்ளைக்கு வேற ஊர்ல தொடுப்பு இருக்கிறத மறைச்சாக. கட்டிக்கிட்டுப் போனவ கண்ணீர் விட்டா. அதுக்கு வச்சாக. இவன் எதை மறைச்சான்? நானூறு கோடி நம்பரு ஒண்ணு ஒடையும்னு மறைச்சான். அது ஒடஞ்சதுல யாரு வீட்டு ஓடுடா விழுந்துச்சு?”

“இருந்தாலும் அக்கா, தட்டுல கை வச்சு…”

“வச்சதுக்கு அவன் ஊரு முன்னால தலை குனிஞ்சு நிக்கான். போதும். ஒனக்கு என்ன வருத்தம்னு எனக்குத் தெரியும்டா. ஒம் மக எனக்கும் மகதான். ஆனா அவ போன தைமாசமே எங்கிட்ட வந்து, ‘அத்தை, சௌடையாவ நான் அண்ணனாத்தான் பாக்கேன்’னு சொல்லிட்டா. ஒங்கிட்ட சொல்ல அவளுக்குப் பயம். எனக்கும் பயம்தான். அதனாலதான் வாயைத் தொறக்கல.”

சென்னகேசவன் குனிந்தபடியே நின்றார். பிறகு அங்கேயே, தட்டுக்குப் பக்கத்தில், மெதுவாக உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. காலையிலிருந்து மகளுக்காகச் சண்டை போட்ட மனுஷனுக்கு, அவளிடம் ஒரு தடவை கேட்கத் தோன்றவில்லை. நான் அவரைவிடக் கொஞ்சம்தான் உசத்தி. நான் கேட்டேன், கேட்கிற மாதிரி கேட்கவில்லை.

லிங்கம்மாள் என் பக்கம் திரும்பினார்.

“தட்டு நான் வச்சது. எடுக்கிறதுன்னாலும் நாந்தான் எடுக்கணும். என் மகன் காலைல இருந்து தலையத் தூக்காம ஒக்காந்திருக்கான், அவன் மனசு எனக்குத் தெரியும். ஒன் தங்கச்சி மனசு தெரியல. ரெண்டு தடவ அடுக்களைப் பக்கம் போனியே, கேட்டியா?”

“கேட்டேன் அத்தை.”

“என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல.”

“இப்ப எல்லாரு முன்னாலயும் கேளு. அவ வேணும்னா தட்டு இங்க இருக்கு. வேண்டாம்னா ஒரு மனச்சடவும் இல்லாம எடுத்துக்கிட்டுக் கடேசி பஸ்ஸுக்குப் போறோம். வெளையாட்டாக் கேக்காதப்பா.”

 சௌடையா முதல் தடவையாக அடுக்களைக் கதவின் பக்கம் நிமிர்ந்து பார்த்தார். காலையிலிருந்து வகுத்தலைத் தவிர வேறெதையும் பார்க்காத கண். அதில் இருந்தது எனக்குக்கூடப் புரிந்தது.

நான் நிலைப்படிக்குப் போனேன். பழக்கதோஷத்தில் நாக்கு நுனிக்கு ஒரு சோக்கு வந்துவிட்டது. நல்ல சோக்கு, கூடமே சிரித்திருக்கும். கங்கா அது வருவதைப் பார்த்துவிட்டாள். காத்திருந்தாள். அதை விழுங்கினேன். விழுங்கின இடம் காலியாக இருந்தது, அங்கிருந்துதான் கேட்டேன்.

“கங்கா. ஒனக்கு இவுகளக் கட்டிக்கிட இஷ்டமா, இல்லையா?”

“இஷ்டம்ண்ணே” என்றாள் அவள், தெருவுக்கே கேட்கிற மாதிரி. “இவுகளத்தான் கட்டிக்கிடுவேன்.”